கதிர்காமத்துக்கு எவ்வளவு வீடு வேண்டும்?

ஆடித் திருவிழாவுக்குப் பதுளை, பண்டாரவளைத் தோட்டங்களிலிருந்து புறப்படும் வேன்களில் மூன்று தலைமுறை நெருக்கி உட்கார்ந்திருக்கும். மேலே தார்ப்பாயின் கீழ் அரிசி மூட்டை, பெரிய சட்டி, காஸ் அடுப்பு, பாய். இன்னும் பெரிய வண்டி பிடிக்கலாமா என்று குடும்பங்கள் யோசிப்பதை வெறும் வசதிப் பிரச்சினையாக நான் எண்ணவில்லை. வீட்டை எவ்வளவு கூட்டிச் சென்றால் யாத்திரை யாத்திரையாக இருக்கும் என்ற சமயக் கேள்வி அதற்குள் இருக்கிறது. குறைவாகத்தான் என்பது என் பதில். மொனராகலை மாவட்டத்தின் கதிர்காமச் சந்நிதியிலேயே நாம் காண்பது தெய்வத்தின் உருவத்தை அல்ல, திரைச்சீலையை மட்டும்தான்; பெரஹராவில் யானை மேல் வள்ளியம்மன் கோயிலுக்குப் போவதும் ஒரு சிறு பேழைதான். செல்வச்சந்நிதியிலிருந்து உகந்தை, குமண, யால காடு வழியாக நடந்து வருகிறவர்கள் தூக்க முடிந்ததை மட்டும் சுமக்கிறார்கள், மிச்சத்துக்கு வழியில் கிடைக்கும் அன்னதானத்தை நம்புகிறார்கள். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டவருக்கு அப்படி நம்ப வேண்டிய தேவையே வருவதில்லை.

கொழுந்து பறிக்கும் தாய்க்குக் கிடைப்பது சில நாள் லீவு, முழங்கால் நோகும் பாட்டியால் காட்டில் நடக்க முடியுமா என்று கேட்பார்கள். முற்றிலும் நியாயம். இல்லறத்தாரின் வேன் பக்தியில் குறைந்ததென்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் பாட்டிக்குத்தான் சீட் வேண்டும், ஜெனரேட்டருக்கு அல்ல. தேவைக்கு மேல் ஏற்றிச் செல்வது வழியையும் கெடுக்கிறது: புத்தல–கதிர்காமம் வீதியில் தின்பண்டத்துக்காக வாகனங்களை மறிக்கும் யானைகளை அப்படிப் பழக்கியதும் ஜன்னல் வழியே உணவை நீட்டிய நம் கைகள்தான்.