அச்சச் சுவையும் அறப்பொறுப்பும்

பேய்ப்படங்களை விரும்பிப் பார்ப்போர் தமக்குள் ஒரு தனிக் கூட்டம். அவருள் இருவர் சந்தித்துக்கொண்டால், சுகம் விசாரிப்பதற்கு முன்னரே, நல்ல படம் ஏதும் பார்த்தீரா என்ற கேள்வி பிறந்துவிடும். கேட்பவரும் அச்சத்தை நாடுபவர். சொல்பவரும் அதே சுவையில் ஊறியவர். ஆதலால் விடை பெரும்பாலும் ஒரே அளவுகோலால் அளந்து தரப்படுகின்றது. எவ்வளவு பயங்கரமான படம், எத்தனை இடத்தில் துள்ளியெழ வைத்தது, பார்த்த அன்றிரவு தனியே உறங்க முடிந்ததா என்பவற்றோடு பேச்சு முடிந்துவிடும். உறைப்பை மட்டுங் கொண்டு கறியின் தரத்தைத் தீர்மானிப்பது போன்ற காரியம் இது.

நாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தோரே. முற்போக்கு இலக்கியத்தில் ஈடுபாடுள்ளோர் பேய்ப்படம் பார்ப்பதா என்று முகஞ் சுளிக்கும் நண்பர்கள் எமக்கு உளர். மூடநம்பிக்கையை வளர்ப்பவை, சிந்தனையை மழுங்கச் செய்பவை, வெறும் வணிகச் சரக்குகள் என்று கூறி அவர்கள் இவற்றை ஒதுக்கிவிடுவர். வெளிவருவனவற்றுட் பெரும்பாலானவற்றைப் பொறுத்தவரை அவர்கள் கூற்றில் உண்மையுண்டு. ஆயினும் நாம் ஒதுக்கிவிடுவதால் அச்சம் உலகைவிட்டு ஒழிந்துவிடப் போவதில்லை. மக்களை அடக்கியாள விரும்புவோர் எக்காலத்திலும் அதனை ஒதுக்கியதில்லை. எனவே, பார்ப்பதா வேண்டாமா என்பதிலும் பார்க்க முக்கியமான வினா வேறொன்று இருக்கின்றது. ஒருவருக்கு ஓர் அச்சப் படத்தைப் பாரும் என்று சொல்லும்போது நாம் எதற்குப் பொறுப்பாகின்றோம்?

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுக்கின்றது. அணங்கு, விலங்கு, கள்வர் என மூன்றைக் கூறியபின் நான்காவதாக அது வைப்பது இறை. ஆள்வோனைக் கண்டும் மாந்தர் அஞ்சுவர் என்பது கருத்து. இப்பகுதியைப் பாடஞ் சொல்லுந்தோறும், முதல் மூன்றுக்கும் மாணவர் நொடிப்பொழுதில் உதாரணம் தருவர். நான்காவதற்கு வந்ததும் வகுப்புச் சற்று மௌனமாகிவிடும். பேய்ப்படங்களின் வரலாற்றையும் இந்நான்கைக் கொண்டே எழுதிவிடலாம் என்று எமக்குத் தோன்றுகின்றது. அணங்குக்கும் விலங்குக்கும் அங்கே குறைவில்லை. முகமூடியணிந்து கத்தியுடன் திரிவோரைக் கள்வர் வரிசையிற் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் இறையைக் கண்டு எழவேண்டிய அச்சத்தை அணங்கின் தலையில் ஏற்றிவிடும் படங்களும் உள. அணங்கின் வேடத்தைக் களைந்து உள்ளேயிருக்கும் இறையைக் காட்டும் படங்களும் உள. நல்ல படம் எது என்ற ஆராய்ச்சியை நாம் இங்கிருந்தே தொடங்க விரும்புகின்றோம்.

ஸொம்பி எனப்படும் நடைப்பிணத்தை எடுத்துக்கொள்வோம். இன்று உலகெங்கும் பிள்ளைகள்கூட அறிந்த பூதம் அது. அதன் பிறப்பிடம் கரிபியன் கடலிலுள்ள ஹெயிட்டி. பிரெஞ்சுக்காரர் அந்நாட்டைக் கரும்புத் தோட்டமாக்கி, ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்த அடிமைகளைக் கொண்டு சீனி உற்பத்தி செய்தனர். அடிமைக்கு இருந்த ஒரே விடுதலை சாவு. செத்தபின் ஆவி தாயகமாம் ஆபிரிக்காவுக்குத் திரும்பும் என்ற நம்பிக்கையே அவனுக்கு ஆறுதல். செத்த பின்பும் உடல் எழுப்பப்பட்டு, ஓய்வின்றி, கூலியின்றி, எசமானுக்காக உழைக்க நேர்ந்தால்? அந்த எண்ணத்தின் வடிவமே ஸொம்பி. அடிமை பிணத்தைக் கண்டு அஞ்சவில்லை. பிணமான பின்பும் தான் அடிமையாகவே இருக்க நேரும் என்று அஞ்சினான். உழைப்பாளியின் துயரத்திலிருந்து இத்துணை நேராகப் பிறந்த பூதம் உலகில் வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்து, 1804இல் ஹெயிட்டியைச் சுதந்திர நாடாக்கினர். 1915இல் அமெரிக்கப் படைகள் அந்நாட்டினுட் புகுந்து 1934வரை தங்கியிருந்தன. வீதி அமைப்பதற்கென்று மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துச் சென்ற கொடுமையும் அக்காலத்தில் நிகழ்ந்தது. அந்த ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த வேளையிலேதான், 1932இல், ‘வைற் ஸொம்பி’ என்னும் படம் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் ஒரு காட்சி உண்டு. சீனி ஆலையொன்றில் நடைப்பிணங்கள் பேச்சின்றிக் கரும்பு சுமந்து இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. ஒருவன் தவறி இயந்திரத்தினுள் வீழ்கின்றான். மற்றையோர் திரும்பியும் பார்க்கவில்லை, சக்கரம் நிற்கவில்லை, அதன் முனகல் மட்டும் தொடர்கின்றது. திரைப்பட வரலாற்றில் உழைப்புச் சுரண்டலைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சிகள் சிலவே. ஆனால் படம் அவ்விடத்தில் தங்கவில்லை. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி ஸொம்பியாகிவிடுவாளோ என்ற கவலைக்குத் தாவிவிடுகின்றது. ஆலையில் அரைபட்டவனை அதன்பின் யாரும் நினைப்பதில்லை. இப்படத்தைப் பார்க்கச் சொல்வீரா என்று கேட்டால், அந்தச் சில நிமிடங்களுக்காகச் சொல்வோம்.

‘பிராங்கென்ஸ்ரைன்’ கதைக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இத்தகையதே. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில் அந்தப் படைப்புயிர் பிறவியிலே கொடியதன்று. மறைந்திருந்து மனிதரின் பேச்சைக் கேட்டு மொழி கற்கின்றது. மில்ரனையும் புளுட்டாக்கையும் படிக்கின்றது. அன்பு தேடிச் சென்ற இடமெல்லாம் அடித்து விரட்டப்பட்ட பின்னரே கொலையில் இறங்குகின்றது. ஜேம்ஸ் வேல் 1931இல் எடுத்த படத்திலோ, உதவியாளன் நல்ல மூளையிருந்த சாடியைக் கைதவறி உடைத்துவிட்டுக் குற்றவாளியின் மூளையை எடுத்துச் செல்கின்றான். நாவலில் இல்லாத நிகழ்ச்சி அது. சமூகம் செய்த கேட்டினை மூளையின் கேடாக மாற்றிவிட இந்த ஒரு சாடி போதுமாயிற்று. ஏழை ஏன் திருடுகின்றான் என்று கேட்டால் அவன் சாதியே அப்படி என்று விடை கூறுவோரை நாமும் அறிவோம்.

ஆயினும் வேல் எளிய கலைஞரல்லர். போரிஸ் கார்லொவ் என்னும் நடிகரின் கண்களிலே அந்த மூளைக் கதையைப் பொய்யாக்கும் ஏதோவொன்று இருந்தது. ஏரிக்கரையில் ஒரு சிறுமி அந்தப் பூதத்துக்கு அஞ்சாமல் பூக்களைக் கொடுக்கின்றாள். இருவரும் பூக்களை நீரில் எறிந்து மிதக்கவிட்டு மகிழ்கின்றனர். பூக்கள் தீர்ந்ததும், அவளும் மிதப்பாள் என்று எண்ணி அவளையே தூக்கி நீரில் எறிந்துவிட்டு, அவள் மூழ்கியதும் கலங்கித் தடுமாறி ஓடுகின்றது. குழந்தை நீரில் எறியப்படும் இப்பகுதி கொடூரமானதென்று பின்னர் வெட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழிந்தே மீண்டும் சேர்க்கப்பட்டது. வெட்டப்பட்ட பிரதியில், பூதம் சிறுமியை நோக்கிக் கைநீட்டுவதோடு காட்சி முடியும். அடுத்துத் தந்தை பிணத்தை ஏந்தி வருவான். இடையில் நடந்ததைப் பார்ப்பவர் தம் மனம்போலக் கற்பித்துக்கொள்வர். கொடுமையைக் குறைக்கப் புகுந்த கத்தரிக்கோல் அந்த அப்பாவியை முழுக் கொடியவனாக்கிவிட்டது. தணிக்கையின் இயல்பை மாணவருக்கு விளக்க இதனினும் சிறந்த உதாரணம் எமக்கு அகப்படவில்லை.

கதையின் சட்டகத்தை மாற்றினால் அச்சம் யார் பக்கம் திரும்பும் என்பதற்கு ஜேர்மனியின் ‘கலிகாரி’ (1920) சான்று. துயில்நடையன் ஒருவனை ஏவிக் கொலைசெய்யும் கலிகாரி, பைத்தியசாலையின் அதிபதியே என்று வெளிப்படும்போது அதிகாரத்தின் முகத்திரை கிழிகின்றது. ஆனால் இறுதியில், இக்கதையைச் சொன்னவனே பைத்தியக்காரன் என்று படம் கையை விரித்துவிடுகின்றது. அதிபதி அன்பே உருவாய் அவனைக் குணப்படுத்த முன்வருகின்றான். எழுத்தாளர் இருவரின் விருப்பத்துக்கு மாறாக இம்முடிவு ஒட்டப்பட்டதென்று 1947இல் சீக்பிரீட் கிராக்கவர் எழுதினார். பிற்காலத்தில் வெளிப்பட்ட மூலப் பிரதியிலும் ஒருவகைச் சட்டகம் உண்டு. எனினும் கதைசொல்பவன் பைத்தியம் என்ற முடிவு அதில் இல்லை. கருத்து வேறு, உத்தி வேறு என்று பேசுவோர் இப்படத்தை ஒருமுறை பார்ப்பது நன்று.

இவற்றினின்று நாம் நெடுந்தூரம் வந்து 1968இல் நிற்போம். ஜோர்ஜ் ரொமேரோ சொற்ப பணத்துடன் கறுப்பு வெள்ளையில் எடுத்த ‘நைற் ஒவ் த லிவிங் டெட்’ அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளிவந்தது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஆறு மாதம் கழிந்திருந்தது. பிணங்கள் எழுந்துவந்து மனிதரைத் தின்கின்றன. பண்ணை வீடொன்றில் எழுவர் அகப்பட்டுக்கொள்கின்றனர். வெளியே நிற்கும் பிணங்களிலும் பார்க்க உள்ளேயிருப்போரின் சண்டையே பெரிது. அவருள் அறிவும் துணிவும் மிக்கவன் பென் என்னும் கறுப்பு மனிதன். இரவு முழுவதும் போராடி அவன் ஒருவனே எஞ்சுகின்றான். விடிகின்றது. காவற்றுறையினரும் துப்பாக்கி ஏந்திய ஊராரும் வருகின்றனர். யன்னலருகே அசைந்த உருவத்தைப் பிணமென்று கருதிச் சுட்டுவிடுகின்றனர். பின்னர் கொழுக்கியால் இழுத்துச் சென்று ஏனைய பிணங்களோடு எரிப்பதை அசையாப் படங்களாகக் காட்டி முடிக்கின்றார் ரொமேரோ. பாத்திரம் கறுப்பர் ஒருவருக்கென எழுதப்பட்டதன்று, டுவேன் ஜோன்ஸ் சிறப்பாக நடித்துக் காட்டியதாலேயே அவரைத் தெரிந்தோம் என்று அவர் பின்னாளிற் கூறினார். ஆசிரியன் எண்ணியது அதுவாகவே இருக்கட்டும். சுட்டவரின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நாம் எவ்வாறு மறப்பது?

அந்த நிம்மதி எமக்குப் புதிதன்று. 1983 யூலை 29, வெள்ளிக்கிழமை. வன்செயல்கள் தொடங்கிய அதே வாரத்தில், புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டனர் என்ற வதந்தி பரவியது. நகரில் வேலைக்கு வந்திருந்தோர் கதிகலங்கி ஓடினர். வந்த புலி எதுவுமில்லை. ஆனால் இல்லாத புலியைக் கண்டு எழுந்த அச்சம், அன்று தெருவில் அகப்பட்ட தமிழர் பலரின் உயிரைக் குடித்தது. கொன்றவர் தம்மைக் கொலைஞராக எண்ணியிருக்கமாட்டார். ஆபத்திலிருந்து ஊரைக் காப்போராகவே எண்ணியிருப்பர். அவ்வெண்ணத்தை அவருக்கு ஊட்டியோர் யார் என்பதே அச்சத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி. ரொமேரோவின் படம் அக்கேள்வியைக் கேட்கின்றது. 2017இல் ஜோர்டன் பீல் எடுத்த ‘கெற் அவுற்’ படத்தின் முடிவிலும் அது வேறு வடிவில் வருகின்றது. தன்னைக் கொல்ல வந்தோரை வென்று, குருதி தோய்ந்த கையுடன் கறுப்பு இளைஞன் நிற்கையில் காவற்றுறை வண்டியின் விளக்குப் போன்றதொன்று தெரியும். படம் முழுவதிலும் மிகப் பெரிய அச்சம் அக்கணத்திலேயே பிறக்கின்றது. வந்தவன் நண்பன் என்று பின்னர் தெரிவது வேறு விடயம்.

இவ்வளவும் கேட்ட ஒரு பேய்ப்பட இரசிகர், படத்துக்குச் சீட்டு வாங்கவா வந்தோம், அரசியல் வகுப்புக்கா என்று வினவலாம். நியாயமான கேள்வி. கொள்கை செம்மையாக இருந்தும் மயிர்க்கூச்செறியாத படத்தை நாமும் எவருக்கும் சொல்வதில்லை. அதற்குக் கட்டுரையே போதும். அதைவிடச் சிக்கலானது மறுதலை. கலையழகு மிக்கதாய், அச்சம் எலும்புவரை ஊடுருவுவதாய், ஆனால் அச்சத்தைத் தவறான வாசலில் கொண்டுபோய் விடுவதாய் ஒரு படம் இருந்தால்?

முர்ணாவின் ‘நொஸ்பெராட்டு’ (1922) அத்தகையது. சுவரில் ஏறும் அந்த நிழலுக்கு நூறாண்டு கழிந்தும் ஈடில்லை. ஆனால் கப்பலில் எலிகளோடும் கொள்ளைநோயோடும் வந்திறங்கும் ஓர்லொக் பிரபுவின் வளைந்த மூக்கும் தடித்த புருவமும் நீண்ட விரல்களும், கிழக்கிலிருந்து வரும் யூதர் நோய் பரப்புவோர் என்று அக்கால ஜேர்மனியில் வெறுப்புப் பேசியோர் வரைந்த கேலிச்சித்திரத்தை ஒத்தவை. படைத்தவர் நோக்கம் அதுவென்று கூறுதல் எளிதன்று. திரைக்கதை எழுதிய ஹென்றிக் கலீன் யூதர், நடித்தோருள் ஒருவராகிய கிரனாக்கும் யூதர். எனினும் 1940இல் நாசிகள் எடுத்த ‘நித்திய யூதன்’ என்னும் பிரசாரப் படத்தில், திரளும் எலிகளை அடுத்து யூதர் முகங்கள் காட்டப்பட்டன. பேயென்ற பெயரே அங்கு தேவைப்படவில்லை. நொஸ்பெராட்டுவை நாம் மறைப்பதில்லை. பாருங்கள் என்று சொல்லி, அந்த எலிகளையும் அந்த மூக்கையும் பற்றிப் பேசாமல் விடுவதுமில்லை. அதைக் கேட்டால் படத்தின் சுவை கெட்டுவிடும் என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். கெடத்தான் செய்யும், சிறிதளவு.

இச்சுவைக்குப் புதிதாக வருபவர் ஒரே படத்தைக் கேட்டால், யப்பானியராகிய கனெற்றோ ஷிந்தோ 1964இல் எடுத்த ‘ஒனிபாபா’வையே சொல்வோம். உள்நாட்டுப் போர் நடக்கும் காலம். ஆளுயர நாணற்புல்லின் நடுவே மாமியும் மருமகளும் வாழ்கின்றனர். போரிலிருந்து தப்பி வரும் வீரரைக் கொன்று, கவசத்தை விற்றுத் தினையரிசி வாங்கி உண்கின்றனர். பிணங்களை ஆழ்ந்த குழியொன்றில் தள்ளிவிடுகின்றனர். மருமகள் அயலவன் ஒருவனுடன் போய்விட்டால் தான் பட்டினி கிடந்து சாக வேண்டுமே என்று கிழவி அஞ்சுகின்றாள். அந்த அச்சத்தால் மருமகளை அச்சுறுத்தப் பேய்முகமூடி அணிகின்றாள். அம்முகமூடி அவள் கொன்ற படைத்தலைவன் ஒருவனின் முகத்திலிருந்து கழற்றப்பட்டது. மழையில் நனைந்ததும் அது அவள் முகத்தில் ஒட்டிக்கொள்கின்றது. அடித்து உடைத்துப் பெயர்க்கும்போது தோலும் சிதைந்துவிடுகின்றது. ஷிந்தோ ஹிரோஷிமாவிற் பிறந்தவர். அந்நகரின் பிள்ளைகளைப் பற்றி 1952இல் ஒரு படம் எடுத்தவர். சிதைந்த அந்த முகத்தைக் காணும்போது இதனை நினைக்காமலிருக்க முடியாது. தன் முகத்தைக் கண்டு அலறி ஓடும் மருமகளைத் துரத்திக்கொண்டு, நான் பேயல்ல, மனுஷி என்று கிழவி கதறியபடி ஓடிவருகின்றாள். பிணக்குழி குறுக்கிடுகின்றது. இளையவள் தாண்டிவிடுகின்றாள், கிழவியும் தாவுகின்றாள். அவள் அக்கரை சேர்ந்தாளா என்பதைக் காட்டுவதற்குள் படம் முடிந்துவிடுகின்றது.