வாயிலிற் காத்து நிற்போர்

எல்லோருக்கும் ஒரே வேளையில் இடமளிக்க முடியாதபோது எது நீதி? வந்தவர் அனைவரையும் உள்ளே விடுவதா? சிலரை நிறுத்திச் சிலருக்கு மட்டும் வழிவிடுவதா? மனிதன் கூடி வாழத் தொடங்கிய காலத்திலிருந்தே எழுந்துவரும் இக்கேள்வி, நமது காலத்தில் ஒரு புதிய வாயிலின் முன் எழுந்து நிற்கின்றது. அரசாங்கத்தின் உதவியைப் பெறவும், பரீட்சை முடிவை அறியவும், மருத்துவரைக் காண நாள் குறிக்கவும் மக்கள் இன்று இணையத்தளங்களை நாடுகின்றனர். அத்தளங்களின் பின்னிருந்து விடையளிப்பது சேவையகம் என்னும் கணினி. கூட்டம் பெருகி அது நிலைகுலையும்போது, ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்றொரு அறிவித்தல் வருகின்றது. இச்சொற்றொடர் எதனை விளக்குகின்றது என்பதைக் காட்டிலும், எதனை மறைக்கின்றது என்று கேட்பதே பயனுடையது.

ஐக்கிய அமெரிக்காவில் 2010 இல் நிறைவேறிய சட்டமொன்று, மருத்துவக் காப்புறுதி இல்லாதோர்க்கு அதனைப் பெற வழிவகுத்தது. முன்னரே நோயுற்றவர் என்ற காரணங்காட்டிக் கம்பனிகள் ஒதுக்கிய மக்களும் அதனால் நன்மையடைய இருந்தனர். அவர்கள் விண்ணப்பிப்பதற்காக ‘ஹெல்த்கெயார்.கவ்’ என்ற அரசாங்கத் தளம் 2013 ஒக்டோபர் 1 ஆந் திகதி திறக்கப்பட்டது. ஒரே வேளையில் 50,000 முதல் 60,000 பேர் வரையிலேயே எதிர்பார்த்ததாகவும், ஏறத்தாழ 250,000 பேர் வந்துவிட்டதாகவும் அதிகாரிகள் பின்னர் கூறினர். முதல் நாளிற் காப்புறுதியிற் சேர்ந்து முடித்தவர் தொகை ஆறு. ஆறாயிரமன்று; ஆறே பேர். காங்கிரஸ் குழுவொன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்புக்களில் இவ்வெண் காணப்பட்டது.

இது எவ்வாறு நேர்ந்தது? ஓர் எழுதுவினைஞரை எண்ணிப் பார்ப்போம். அவர் முன் வரிசை நிற்கின்றது. ஒருவரின் அலுவலை முடித்து அடுத்தவரை அழைத்தால் வேலை நடக்கும். நூறு பேரும் தத்தம் கோப்புக்களை ஒரே மேசையில் விரித்து வைத்தாலோ, ஒரு கோப்பை மூடி மறு கோப்பைத் திறப்பதிலேயே அவரது பொழுது கழியும். ஒருவரின் அலுவலும் முடியாது. சேவையகத்தின் நிலையும் இதுவே. வரும் ஒவ்வொரு வேண்டுகோளும் அதன் நினைவகத்திற் சிறிது இடத்தைப் பிடிக்கின்றது. தரவுத்தளத்துக்குச் செல்லும் வழிகளில் ஒன்றை அடைக்கின்றது. விடை தாமதமாகவே, காத்திருப்பவர் பொறுமையிழந்து மீண்டும் அழுத்துகின்றார். ஒரு வேண்டுகோள் இரண்டாகின்றது. முடிவில், எழுந்து போய்விட்ட மனிதருக்கு விடை தேடிக்கொண்டிருக்கின்றது இயந்திரம்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. வருகையும் வேலையின் அளவும் ஒழுங்கின்றி அமையும் எளிய ஒற்றை வரிசையொன்றில், சேவையாளர் தம் ஆற்றலிற் பாதியளவு உழைக்கும்போது, ஓர் அலுவல் முடியும் சராசரி நேரம் வெறும் வேலை நேரத்தைப் போல் இருமடங்காகும். நூற்றுக்குத் தொண்ணூறு உழைக்கும்போது பத்து மடங்காகும். தொண்ணூற்றொன்பதில் நூறு மடங்காகும். ஆற்றலை மிஞ்சி வருகை தொடருமானால் வரிசைக்கு எல்லையே இல்லை. கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணிபுரிந்த ஏ. கே. ஏர்லாங் 1909 இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த துறை இது. ஆகவே, கூட்டத்தின் இயல்பு நமக்குத் தெரியாதிருந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

இதிலிருந்து நாம் பெறும் முதலாவது முடிவு கசப்பானது. எல்லோரையும் உள்ளே விடுவது சில வேளைகளிற் கருணையன்று; கருணையின் வேடம் பூண்ட கொடுமை. தாங்கக்கூடிய அளவினரை ஏற்று, ஏனையோரிடம் ‘இப்போது இடமில்லை’ என்று நேர்மையாகச் சொல்வதே மேலானது. அமெரிக்கத் தளம் திருத்தப்பட்டபோது செய்ததும் இதுதான். 2013 டிசம்பர் 1 அளவில் அது ஒரே நேரத்தில் 50,000 பேரைத் தாங்கும் என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்கு மேற்பட்டு வருவோர் வரிசையில் வைக்கப்பட்டனர். எப்போது திரும்பி வரலாம் என்பதை மின்னஞ்சல் வழியாக அறிந்துகொள்ளவும் ஒழுங்கு செய்யப்பட்டது.

ஆயின், வரிசை அமைத்தவுடன் நீதி பிறந்துவிட்டதா? வரிசை எல்லோரையும் சமமாக நடத்துகின்றது என்கிறோம். சமமற்ற மனிதரைச் சமமாக நிறுத்துவது எப்போதும் சமத்துவமாகாது. வீட்டிற் சொந்தக் கணினியும் ஓய்வும் உடையவர் நாள் முழுதும் முயலலாம். கூலிவேலை முடித்துப் பொது நூலகத்துக்கு ஓடிவந்து, குறித்த நேரத்துக்கு மட்டுமே கணினியைப் பெறும் பெண்ணுக்கு ஒரு மணி நேரத் தாமதம் ஒரு நாளின் இழப்பாகும். முண்டியடிப்பவரே வெல்லும் வாயிலைவிட, இடத்தை நினைவில் வைத்துத் திரும்ப அழைக்கும் வரிசை நீதிக்கு அணித்தானது. அவ்வளவே சொல்லலாம்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான வினாவுக்கு வருவோம். ஐம்பதினாயிரம் என்ற எண்ணை எழுதியவர் யார்? கூட்டம் மழையைப் போல வானத்திலிருந்து விழுவதில்லை. வாயிலின் அகலம் முன்கூட்டியே, மேசைகளின் முன் அமர்ந்து, பணத்தைக் கணக்கிட்டுத் தீர்மானிக்கப்படுகின்றது. அமெரிக்கத் தளத்தை வீழ்த்தியது கூட்டம் மட்டுமன்று. அமைப்பிலும் பிழைகள் மலிந்திருந்தன. விலையைப் பார்த்துப் போக வந்தவரும் முதலிற் கணக்கொன்றைத் திறந்தாக வேண்டும் என்ற விதியால், அனைவரும் ஒரே குறுகிய வழியில் நெருக்குண்டனர். திறப்பதற்குச் சில நாட்களின் முன் நடந்த சோதனையிற் சில நூறு பேரின் சுமையையே தாங்காது அது நின்றதெனப் பத்திரிகைகள் எழுதின. அப்படியிருந்தும் குறித்த நாளிலேயே வாயில் திறக்கப்பட்டது. கடிதம் மூலம் விண்ணப்பிக்குமாறு மக்களுக்குச் சொல்லப்பட்டது. அக்கடிதங்களையும் ஊழியர்கள் அதே கணினியமைப்பினூடாகவே பதியவேண்டியிருந்தது!

ஆண்டில் ஒருநாள் வரும் கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் இயந்திரங்களை வாங்கி வைப்பது பொதுப் பணத்தை விரயமாக்குவதன்றோ எனச் சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும், வேண்டியபோது கணினியாற்றலை வாடகைக்குப் பெறும் வசதி 2006 முதல் வளர்ந்து வந்துள்ளது. மலிவு விற்பனை நாளில் வணிக நிறுவனங்கள் அதனைத் தயங்காது பயன்படுத்துகின்றன. ஏனெனில், திரும்பிப் போகும் வாடிக்கையாளன் அவற்றுக்கு இழந்துபோன இலாபம். திரும்பிப் போகும் ஏழையின் நாட்கூலியோ எவருடைய கணக்கேட்டிலும் நட்டமாக எழுதப்படுவதில்லை. வாயிலின் அகலத்தைத் தீர்மானிப்பது இக்கணக்கேடே.

2014 ஏப்ரலில், அந்நாடு முழுவதிலும் எண்பது இலட்சம் பேர் இத்திட்டத்தின் கீழ்க் காப்புறுதியிற் பதிவுசெய்ததாக அறிவிக்கப்பட்டது. அது பெரும் பேறு, மறுப்பதற்கில்லை. எனினும், அவ்வெண் மீண்டும் மீண்டும் வர இயன்றவர்களையும் உள்ளடக்கியது. ஒருமுறை வந்து, விடை கிடையாது, திரும்பி வராதோர் அதில் இல்லை. பிறருடைய நேரத்தை யாம் எவ்வளவு மதிக்கின்றோம் என்பதற்கு வாயிலின் அகலமே விடை. அடுத்தமுறை ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற அறிவித்தலைக் காணும்போது, இயந்திரம் ஏன் நின்றது என்பதோடு நின்றுவிடாமல், இவ்வளவுபேர் போதும் என்று முடிவு செய்தவர் யார் என்றும் கேட்போம்.