அளவுகோல் யார் கையில்?

நோயாளியின் மணிக்கட்டைப் பற்றிக் கடிகாரத்தைப் பார்த்து நாடித் துடிப்பை எண்ணுவது, நெடுங்காலமாகத் தாதியின் தொழிலுக்கே அடையாளமாக விளங்கி வந்தது. இன்று அந்த மணிக்கட்டில் ஒரு பட்டி ஏறியிருக்கிறது. துடிப்பையும் உறக்கத்தையும் நடையையும் அது இரவு பகலாக எண்ணிக் கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறது. நோயாளியைப் பராமரிப்பதோடு நோய் வராமற் காப்பதும் தாதியின் கடமையாகக் கொள்ளப்படும் இக்காலத்தில், பல நாடுகளில் தாதியர் இத்தகைய சாதனங்களின் கணக்கைப் படித்து மக்களுக்கு ஆலோசனை கூறுகின்றனர். இது விஞ்ஞானத்தின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அறநெறி சார்ந்த கேள்வி ஒன்றும் இதனுடன் எழுகிறது. மனிதரின் உடலை அளந்து பெற்ற எண், யாருக்காகப் பயன்பட வேண்டும்?

யந்திரத்தைக் கண்டு அஞ்சுவது முற்போக்காளருக்கு அழகன்று. நீரிழிவு நோயாளரின் மேற்கையில் ஒட்டப்படும் சிறு கருவி, தோலுக்கடியிலுள்ள திரவத்தில் குளுக்கோசின் அளவைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. நாளுக்குப் பலமுறை விரலைக் குத்திக் குருதி எடுக்கும் வேதனை பெரிதும் குறைந்துவிட்டது. கொவிட் தொற்றுக் காலத்தில், மூச்சுத் திணறல் தோன்றுமுன்னரே குருதியில் ஒட்சிசன் குறைந்து பலர் ஆபத்துக்குள்ளாயினர். இதனைத் தடுக்க, இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவை 2020 நவம்பரில், விரலில் மாட்டும் ஒட்சிசன்மானிகளை நோயாளரின் வீடுகளுக்கே வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. மானி காட்டும் எண்ணை நோயாளர் அறிவிக்க, சுகாதார ஊழியர் அதைக் கவனித்து வேண்டியோரை வைத்தியசாலைக்கு அழைத்தனர். இங்கே எண், உயிரைக் காக்கும் கருவியாயிற்று.

ஆனால், எண் தானாக உண்மை பேசுவதில்லை. ஒட்சிசன்மானி விரலினூடாக ஒளியைச் செலுத்தி அளக்கிறது. தோலின் நிறப்பொருளும் அவ்வொளியை உறிஞ்சுகிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைக் காட்டிற்று. மானி 92 முதல் 96 வீதம் வரை காட்டியபோது, நாடிக் குருதியைச் சோதித்துப் பார்த்ததில் ஒட்சிசன் 88 வீதத்துக்கும் குறைந்திருந்த நிலை, வெள்ளையரிடம் 100 அளவீடுகளில் 4க்கும் குறைவு. கறுப்பினத்தவரிடமோ ஏறத்தாழ 12. கருமை படிந்த தோலுடைய நமக்கும் இது அயலார் செய்தியன்று. மானி நலமென்று சொல்லும்போதும், நோயாளியின் முகம் வேறொன்று சொன்னால் அம்முகத்தை நம்பி வைத்தியரை அழைக்கும் தாதியின் இடத்தை எந்தக் கருவியும் நிரப்பிவிட முடியாது.

கருவியின் பிழையை விஞ்ஞானம் திருத்திவிடலாம். கருவியை உடையவனின் நோக்கத்தை யார் திருத்துவது? 2018இல் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 55 மாவட்டங்களிலும் பாடசாலைகள் மூடப்பட்டன. குறைந்த சம்பளமும் ஏறிவந்த மருத்துவக் காப்புறுதிச் செலவும் அவர்களின் முதன்மைக் குறைகள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. அரசாங்க ஊழியர் தம் நடையைக் கருவிகொண்டு பதிந்து புள்ளிகள் சேர்க்க வேண்டும். மறுப்போர் மாதந்தோறும் 25 டொலர் மேலதிகமாகச் செலுத்த வேண்டும் என்றொரு காப்புறுதித் திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. ஆசிரியரின் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. தாதி கட்டிவிட்டால் துணையாகும் அதே பட்டி, எசமானன் கட்டும்போது விலங்காகிறது.

‘நோய்ச் செலவைச் சமுதாயமே சுமக்கிறது, ஆகவே உடலைப் பேணாதவரைத் தண்டிப்பதில் என்ன தவறு?’ என்று சிலர் கேட்பர். நியாயம் போலத் தோன்றும் இவ்வாதம், உடல்நலம் தனிமனிதரின் மனவுறுதியில் மட்டும் தங்கியுள்ளதென்று கருதுகிறது. மாலையில் பூங்காவில் உலாவும் செல்வரின் காலடியையும், சுமை தூக்கும் தொழிலாளியின் காலடியையும் பட்டி ஒன்றாகவே எண்ணுகிறது. வார்டுகளுக்கிடையே ஓயாது நடந்து கால் வீங்கிய தாதியின் களைப்பைக்கூட அது உடற்பயிற்சியாகவே பதியும். உறக்கம் குறைவென்று எச்சரிக்கும் பட்டி, இரண்டு வேலை செய்து பிழைக்கும் தாயின் உறக்கத்தைப் பறித்தது யாரென்று சொல்வதில்லை. நோயின் வேர் சமுதாயத்தில் இருக்க, குற்றம் மட்டும் தனிமனிதர் தலையில் விழுகிறது.

சர்வதேசத் தாதியர் பேரவை 1953இல் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோவை, இன்று திருத்தப்பட்ட வடிவில், தாதியின் முதற்பொறுப்பு பராமரிப்பை நாடும் மக்களுக்கே உரியது என்று வலியுறுத்துகிறது. இந்நெறியைப் பட்டிக்கும் பொருத்துவோமாயின் சில முடிவுகள் பெறப்படும். கணக்கு, யாருடைய உடலில் எடுக்கப்பட்டதோ அவருக்கே உரியது. அது எவரெவரிடம் போய்ச் சேரும் என்பதை அணியுமுன்னரே அவருக்கு விளக்க வேண்டும். அணிய மறுப்பவர் தண்டத்துக்கோ பழிப்புக்கோ ஆளாகக் கூடாது.

இவை மட்டும் போதா. கிரிமியப் போரில் பணியாற்றிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல், படைவீரரின் மரணங்களைக் கணக்கிட்டு 1858இல் வரைபடமாக்கினார். காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே பெரும்பாலோர் மாண்டனர் என்று நிறுவி, சுகாதாரச் சீர்கேட்டுக்கு ஆட்சியாளரைப் பொறுப்பாக்கினார். வீரன் உடலைப் பேணவில்லை என்று அவர் குறைகூறவில்லை. அவருடைய எண்கள் அதிகார பீடத்தை நோக்கிக் கேள்வி எழுப்பின.

இன்றைய தாதியின் கையில் அவரிடம் இருந்ததைவிட நுண்ணிய கருவிகள் உள்ளன. ஒரு தொழிற்சாலையின் இரவுவேலைப் பெண்கள் அனைவருக்கும் உறக்கம் கெடுகிறதென்று பட்டிகள் காட்டுமானால், அவர்களுக்கு உறக்கத்தைப்பற்றி உபதேசம் செய்வதோடு தாதியின் கடமை முடியுமா? அப்பெண்களின் இசைவோடு, அந்த எண்களை நிருவாகத்தின் முன்னும் அரசின் முன்னும் வைக்க அவருக்கு உரிமை வேண்டும். அவ்வுரிமைக்காகத் தாதியர் சங்கங்கள் குரல் கொடுக்கும்போது, ஆசிரியரும் மாணவரும் அவர்களோடு சேர்ந்து நிற்பது கடனாகும்.