அறுவடைக்காக விலகும் சட்டம்

அமெரிக்காவில் பெரிய லாரி ஓட்டச் சாதாரண லைசென்ஸ் போதாது. சரக்கோடு சேர்த்து 26,001 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11,800 கிலோ அல்லது அதற்கு மேற்பட்ட எடைக்கு வடிவமைக்கப்பட்ட வண்டி என்றால் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். சுருக்கமாக சிடிஎல் என்பார்கள். 1986-ல் அமெரிக்க காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் பிறந்தது அது. அதற்கு முன் பல மாநிலங்களில் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டே பதினெட்டுச் சக்கர வண்டியை ஓட்ட முடிந்தது. ஒரே ஆள் பல மாநிலங்களில் லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு, பிடிபடும்போதெல்லாம் வேறு வேறு அட்டையை நீட்டித் தப்பித்ததும் உண்டு. 1992 ஏப்ரல் 1 முதல் அந்த வழிகள் அடைபட்டன. எழுத்துத் தேர்வு, வண்டியைச் சோதித்துக் காட்டும் தேர்வு, சாலையில் ஓட்டிக் காட்டும் தேர்வு என்று எல்லாவற்றிலும் தேற வேண்டும். 2022 பிப்ரவரி முதல், புதிதாக வருகிறவர் தேர்வுக்கு முன்பே பதிவுபெற்ற பயிற்சியாளரிடம் படித்திருக்கவும் வேண்டும்.

இவ்வளவு கெடுபிடிக்கு நடுவே விவசாயத்துக்கென்று ஒரு கதவு திறந்திருக்கிறது. வேளாண் சேவைத் தொழில்களுக்கான வரையறுக்கப்பட்ட உரிமம் அது. உரமும் பூச்சிமருந்தும் தரும் நிறுவனங்கள், அறுவடை இயந்திரங்களோடு ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு அறுத்துத் தரும் குழுக்கள், விதையும் பண்ணைப் பொருட்களும் விற்கும் கடைகள், கால்நடைகளைத் தீவனம் போட்டுக் கொழுக்க வைக்கும் பண்ணைகள் ஆகியவற்றின் பணியாளர்கள் இதை வாங்கலாம். இவர்களுக்கு எழுத்துத் தேர்வையும் ஓட்டிக் காட்டும் தேர்வையும் மாநிலங்கள் தள்ளுபடி செய்யலாம் என்று மத்திய விதி அனுமதிக்கிறது. கான்சஸ், நெப்ராஸ்கா, அயோவா போன்ற தானிய மாநிலங்களில் இது பழகிப்போன நடைமுறை. தன் பண்ணை லாரியைத் தானே 150 மைலுக்குள் ஓட்டிச் செல்லும் விவசாயிக்கோ சிடிஎல்லே வேண்டாம் என்று விலக்குத் தரவும் மாநிலங்களுக்கு இடமுண்டு.

பார்வைக்கு இது போக்குவரத்துத் துறையின் சமாச்சாரம். ஆனால் இதற்குள் இருப்பது சமய நூல்களும் தத்துவவாதிகளும் நெடுங்காலமாக மல்லுக்கட்டிய கேள்வி. எல்லோரையும் காப்பதற்காக ஒரு விதி போடப்படுகிறது. பிறகு ஒருவரின் தேவைக்காக அது தளர்த்தப்படுகிறது. தேவை எவ்வளவு பெரியதாக இருந்தால் விதி விலகலாம்? எவ்வளவு தூரம் விலகலாம்? யார் தலையில் அந்தச் சுமை விழலாம்?

விவசாயியின் பக்கத்து நியாயத்தை முதலில் முழுதாகக் கேட்க வேண்டும். முற்றிய கோதுமை காத்திருக்காது. ஈரம் சரியாக இறங்கிய ஒரு சில நாட்களுக்குள் அறுத்தாக வேண்டும். ஒரு ஆலங்கட்டி மழை போதும், ஓராண்டு உழைப்பு தரையோடு படுத்துவிடும். கூலி அறுவடைக் குழுக்கள் கோடையின் தொடக்கத்தில் டெக்சாஸில் இறங்கி, கதிர் முற்ற முற்ற வடக்கே நகர்ந்து மொன்டானா வரை போகிறார்கள். இடையில் ஒரு டிரைவர் விலகிப் போனால், வேறொருவரைப் பல வாரப் பயிற்சிக்கு அனுப்பி, பல ஆயிரம் டாலர் கட்டி, தேர்வுக்குத் தேதி வாங்கி வருவதற்குள் பருவமே முடிந்துவிடும். சில மாத வேலைக்காக முழு உரிமம் வாங்கு என்று சொல்வது பலருக்கு அந்த வேலையே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். இந்தக் கஷ்டம் கற்பனை அல்ல. இதை அலட்சியப்படுத்தும் எந்த நீதியும் நகரத்து நீதிதான்.

பொது விதி எப்போதும் பொதுவாகத்தான் பேசும் என்பதை அரிஸ்டாட்டில் அறிந்திருந்தார். 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் ஐந்தாம் பகுதியில் அவர் இதை ஆராய்கிறார். சட்டம் செய்தவர் நேரில் இருந்திருந்தால் இந்த நேர்வில் என்ன சொல்லியிருப்பார் என்று பார்த்துத் திருத்துவதும் நீதியின் பகுதியே என்பது அவர் முடிவு. லெஸ்போஸ் தீவின் கொத்தர்கள் கல்லின் வளைவுக்கு ஏற்ப வளையும் ஈய அளவுகோலைப் பயன்படுத்தியதை அதற்கு உதாரணம் காட்டினார்.

ஆனால் அளவுகோல் வளையலாம் என்பது பாதி விடைதான். எங்கே வளைவது நிற்க வேண்டும் என்பதற்கு இன்னும் கூர்மையான விடை சாந்தோக்கிய உபநிடதத்தில் இருக்கிறது. அதுவும் பயிர் அழிந்த கதைதான். குரு நாட்டில் ஆலங்கட்டி மழை விளைச்சலை அழித்துவிடுகிறது. பஞ்சம். உஷஸ்தி சாக்ராயணர் என்ற வேதம் கற்ற ஏழை, மனைவியோடு ஒரு யானைப் பாகனின் ஊரில் வந்து தங்குகிறார். பாகன் பயறு தின்றுகொண்டிருக்கிறான். உஷஸ்தி அதைக் கேட்கிறார். தன் முன்னால் இருக்கும் இந்த எச்சிலைத் தவிர வேறு இல்லை என்கிறான் அவன். பரவாயில்லை, அதையே கொடு என்று வாங்கி உண்கிறார். எச்சில் உண்பது அவருடைய ஆசாரத்துக்கு முற்றிலும் விலக்கு. அடுத்துப் பாகன் தண்ணீரை நீட்டும்போது மட்டும் மறுத்துவிடுகிறார், அது எச்சில் என்று. பயறும் எச்சில்தானே என்று பாகன் கேட்கிறான். அதை உண்ணாவிட்டால் உயிர் போயிருக்கும், தண்ணீரோ வேறு இடத்திலும் கிடைக்கும் என்பது அவர் சொன்ன பதிலின் சாரம்.

இந்தக் கதையின் வலிமை முழுவதும் அந்த மறுத்த தண்ணீரில் இருக்கிறது. ஒரு விதியை மீறிவிட்டோம், இனி எல்லாம் ஒன்றுதான் என்று உஷஸ்தி போகவில்லை. தேவை முடியும் இடத்தில் விலக்கும் முடிந்துவிடுகிறது. பிரம்ம சூத்திரம் மூன்றாம் அத்தியாயத்தில் இதே கதையை எடுத்துக்கொண்டு, எல்லா உணவுக்கும் அனுமதி என்பது உயிருக்கு ஆபத்து வரும்போது மட்டுமே என்று வரையறுக்கிறது. ஆபத்து தர்மம் என்று மகாபாரதத்தின் சாந்தி பருவம் விரித்துப் பேசுவதும் இந்த நிலத்தில்தான். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை அனுமதிக்கும், ஆனால் நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டுமே என்று இஸ்லாமியச் சட்ட அறிஞர்களும் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் அமெரிக்க விதியில் மெச்சத்தக்க நேர்மை தெரிகிறது. அது கண்மூடித்தனமான சலுகை அல்ல. தன் நிறுவனத்திலிருந்தோ வேலை நடக்கும் பண்ணையிலிருந்தோ 150 மைலுக்குள் மட்டுமே ஓட்டலாம். டிராக்டரும் டிரெய்லரும் கோத்த பெரிய வண்டியைத் தொடக்கூடாது, ஒற்றை லாரிக்கு மட்டுமே அனுமதி. ஆண்டு முழுவதும் செல்லாது. நெடுங்காலம் 180 நாள் என்பதே உச்சவரம்பாக இருந்தது. டீசல் என்றால் 1,000 கேலன் வரை, திரவ உரம் என்றால் மொத்தக் கொள்ளளவு 3,000 கேலன் வரை. விண்ணப்பிப்பவர் குறைந்தது ஓராண்டாவது ஏதேனும் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் வைத்திருப்பவரின் கடைசி இரண்டாண்டுப் பதிவில் உரிமம் முடக்கப்பட்டதோ, தன் தவறால் நேர்ந்த விபத்தோ இருக்கக் கூடாது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் அந்தப் பதிவை மறுபடி பார்க்க வேண்டும். தேவையை அளந்து, அதற்கேற்ப விலக்கையும் அளந்திருக்கிறார்கள்.

ஆனாலும் உஷஸ்தியின் நியாயம் இங்கே இரண்டு இடங்களில் பொருந்தவில்லை.

முதலாவது, ஆபத்து தர்மம் என்பது எதிர்பாராமல் வருவதற்கானது. குரு நாட்டின் ஆலங்கட்டி யாரிடமும் சொல்லிவிட்டு வரவில்லை. அறுவடையோ விதைத்த அன்றே தேதி குறிக்கப்பட்ட விஷயம். எந்த நாளில் மழை வரும் என்று தெரியாது. ஆனால் அந்த மாதத்தில் லாரி வேண்டும், லாரிக்கு ஆள் வேண்டும் என்பது பல மாதங்களுக்கு முன்பே தெரியும். ஆண்டுதோறும் தவறாமல் வரும் தேவையை ஆபத்து என்று சொல்வது தர்மத்தின் பெயரால் தயாராகாமல் இருப்பதுதான். விவிலியத்தின் யாத்திராகமம் இந்த இடத்தில் கறாராக நிற்கிறது. உழவு காலத்திலும் அறுப்பு காலத்திலும்கூட ஏழாம் நாளில் ஓய்ந்திரு என்று தனித்துக் கட்டளையிடுகிறது. உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம், மீறவும் வேண்டும் என்று வகுத்த யூத மரபு, விளைச்சலைக் காப்பதற்கு அந்தச் சலுகையைத் தரவில்லை. மிக அவசரமான பருவத்திலும் பொருளை உயிருக்குச் சமமாக வைக்க அந்த மரபு மறுத்தது.

இரண்டாவதுதான் கனமானது. உஷஸ்தி எச்சில் உண்டபோது பங்கம் வந்தால் அது அவருக்கு. அவர் ஆசாரம், அவர் பாவம், அவர் கணக்கு. தேர்வில்லாமல் லாரி ஓட்டுபவரின் விலக்கில் பலன் பண்ணைக்கு, ஆபத்து எதிரே வருகிறவருக்கு. அந்தக் கோதுமையில் அவருக்கு ஒரு மணி பங்கு கிடையாது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை.

அந்தத் தேர்வில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கார் ஓட்டத் தெரிந்தவருக்குத் தெரியாத சங்கதிகள் இருக்கின்றன. பெரிய லாரியில் பிரேக் வேலை செய்வது காற்றழுத்தத்தால். மிதியை அழுத்தியதும் காற்று குழாய் வழியே ஓடிச் சக்கரத்தைச் சேர ஒரு கணம் ஆகும். அந்த ஒரு கணத்தில் வண்டி பல அடி ஓடிவிடும். கிளம்பும் முன் இன்ஜினை அணைத்துவிட்டு, பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்து, அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். ஒற்றை லாரியில் அந்த நிமிடத்துக்குள் 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ காற்றுக் கசிகிறது, வண்டியை எடுக்கக் கூடாது. பாதி நிரம்பிய உரத் தொட்டி இன்னும் பொல்லாதது. பிரேக் பிடித்து வண்டி நின்ற பிறகும் உள்ளே இருக்கும் திரவம் அலையாக முன்னே பாய்ந்து லாரியைத் தள்ளும். சிவப்பு விளக்கில் நின்ற வண்டி, வழுக்கலான சாலை என்றால், சந்திப்புக்கு நடுவே போய் நிற்கும். இவையெல்லாம் சிடிஎல் கையேட்டில் உள்ளவை, தேர்வில் கேட்கப்படுபவை. 150 மைலுக்குள் ஓடினாலும் 1,500 மைல் ஓடினாலும் அந்த அலை ஒரே வேகத்தில்தான் பாயும். தூரத்தையும் நாளையும் குறைத்தால் ஆபத்து நேரும் வாய்ப்பு குறையும், உண்மைதான். நேரும்போது அதன் கனம் குறையாது.

பயிற்சியின் அருமை என்னவென்று கனடா பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2018 ஏப்ரல் 6 மாலை, சஸ்காச்சுவான் மாகாணத்தில் 35-ம் எண் நெடுஞ்சாலையும் 335-ம் எண் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், இரட்டை டிரெய்லர் பூட்டிய லாரி ஒன்று நிறுத்தக் குறியில் நிற்காமல் உள்ளே வந்தது. ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற இளைஞர் ஐஸ் ஹாக்கி அணியின் பஸ் அதில் மோதியது. 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். அது பண்ணை வண்டி அல்ல. ஓட்டியவரிடம் முறையான உரிமமும் இருந்தது. ஆனால் வேலைக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அன்று அந்த மாகாணத்தில் பெரிய லாரி ஓட்டக் கட்டாயப் பயிற்சி என்று எதுவும் இல்லை. 2019 மார்ச் 15 முதல் 121.5 மணி நேரப் பயிற்சி அங்கே கட்டாயமானது. அப்போதும் பண்ணை லாரி ஓட்டுபவர்களுக்கு மட்டும் உடனே அது வரவில்லை. அவகாசம் கேட்டார்கள், கிடைத்தது. துக்கம் ஆறாத ஊரிலும் அறுவடையின் குரல் அவ்வளவு பலமாக ஒலித்தது என்பதை நினைத்தால் இந்தக் கேள்வி எவ்வளவு கடினமானது என்று புரியும்.

அந்த விவசாயிகளைக் குற்றவாளிகளாகப் பார்ப்பது தவறு. இருபது வருடமாக ஒரே மண் சாலையில் தானிய லாரி ஓட்டிய ஒருவருக்கு, புதிதாகத் தேர்வெழுதி வந்த பையனைவிட அந்தச் சாலை நன்றாகத் தெரியும். பண்ணை லாரி ஆண்டுக்கு ஓடும் தூரமும் குறைவு. ஆனால் உரிமம் ஒருவரின் நல்ல குணத்துக்குத் தரும் சான்றிதழ் அல்ல. முன்பின் தெரியாத இருவர் எதிரெதிரே வரும்போது, ஒருவரை ஒருவர் நம்பலாம் என்று அரசு கொடுக்கும் உத்தரவாதம் அது. அந்த நம்பிக்கையின் மீதுதான் ஒரு தாய் தன் பிள்ளையைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறாள்.

ஆகவே எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக் கூடாது என்பது தெளிவாகவே தெரிகிறது. கட்டணத்தைக் குறைக்கலாம், முற்றிலும் நீக்கலாம். நீண்ட பயிற்சி வகுப்பைச் சுருக்கலாம். தேர்வு எடுப்பவர் பண்ணைக்கே வரலாம். தொலைவு வரம்பும் பருவ வரம்பும் இன்று உள்ளபடியே இருக்கட்டும். இவை எல்லாவற்றின் செலவையும் பொதுக் கருவூலம் ஏற்பதுதான் முறை, ஏனென்றால் உணவு எல்லோருக்கும் வேண்டும். பிரேக்கையும் தொட்டியையும் பற்றிய அறிவு மட்டும் உஷஸ்தி மறுத்த தண்ணீரைப் போன்றது. வேறு நேரத்தில், வேறு வழியில் கிடைக்கக்கூடியதை அவசரத்தின் பெயரால் விட்டுவிட நியாயம் இல்லை.

மத்திய விதி தேர்வைத் தள்ளுபடி செய்யும்படி எந்த மாநிலத்தையும் கட்டாயப்படுத்தவில்லை, அனுமதிக்க மட்டுமே செய்கிறது. கான்சஸிலும் நெப்ராஸ்காவிலும் ஜனவரியில் அறுவடை கிடையாது. காற்று பிரேக்குக்கும் திரவத் தொட்டிக்கும் ஒரு எழுத்துத் தேர்வு, வண்டியைச் சுற்றி வந்து சோதித்துக் காட்டும் ஒரு அரை மணி நேரம், இந்த இரண்டையும் அந்த மாதத்தில் நடத்த மாநிலங்கள் முன்வர வேண்டும்.