தறிக்காரர் வீட்டுக்கும் கடல் வேண்டும்

காஞ்சிபுரம் பக்கத்துத் தென்னேரியில் வேன் ஏறினால் வாலாஜாபாத், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு மணி நேரத்தில் மாமல்லபுரம் போய்விடலாம். காஞ்சியில் கைலாசநாதர் கோயிலை எழுப்பிய ராஜசிம்ம பல்லவன்தான் அங்கே கடற்கரைக் கோயிலையும் எழுப்பினான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உறவாடி வரும் மண் இது. ஆனாலும் இந்தப் பக்கத்து நெசவாளர் வீடுகளில் குடும்பத்தோடு கடலோரம் ஓர் இரவு தங்கி வந்தவர்கள் குறைவுதான். போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். தங்குவது என்றால் கையைக் கடிக்கும் என்பதால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. நெசவாளர் வீட்டு ஓய்வு வருகிற விதமும் ஒரு காரணம். பட்டுத் தறியில் கூலி சேலைக் கணக்கு. தறியில் உட்காராத நாளுக்குக் கூலி இல்லை, சம்பளத்தோடு லீவு கிடையாது. கோர்வைச் சேலை என்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் பக்கத்தில் கரைக்கென்று இன்னொருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் அது மனைவியாகவோ பிள்ளையாகவோ இருக்கும். தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் தீர்ந்து, புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கிற இடைவெளியில்தான் கொஞ்சம் மூச்சு விட முடியும். அந்த நாள் எது என்று ஒரு மாதம் முன்பே யாராலும் சொல்ல முடியாது. வரும்போது வீட்டுக்கே சேர்ந்து வரும். விடுதியோ அறைக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று கணக்குப் போடுகிறது. முன்கூட்டிப் பதிவு செய்பவர்களுக்கு மலிவாகவும், திடீரென்று வருபவர்களுக்குக் கூடுதலாகவும் வாடகை சொல்கிறது. பாட்டி, பேரன், நாத்தனார் என்று பன்னிரண்டு பேர் கிளம்பும் வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

ஒத்துவருவது வேன்தான். கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு என்று பேசி முடித்தால் ஆளுக்கு எவ்வளவு என்பது தெளிவாகிவிடும். மேலே பாயும் ஜமுக்காளமும், பின்னால் ஸ்டவ்வும் அண்டாவும், ஒரு தூக்கு நிறையப் புளிசோறும் ஏறிவிட்டால் அதுவே ஓடும் வீடு. வேளாங்கண்ணிக்கும் திருச்செந்தூருக்கும் ராமேசுவரத்துக்கும் நம் மக்கள் காலம் காலமாக இப்படித்தான் போய்வருகிறார்கள். கேரவன் என்றால் சினிமா நடிகர்களுக்கானது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால் படுக்கையும் சமையலும் கழிப்பறையும் உள்ள கேரவன் வண்டிகளுக்காக மத்திய சுற்றுலா அமைச்சகம் முன்பே கொள்கை வகுத்தது. கேரளம் 2021-இல் கேரவன் திட்டத்தைத் தொடங்கியது. 2023-இல் வெளியான தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. இவற்றில் வண்டியைவிட முக்கியமானது வண்டி நிற்கும் இடம் என்பது என் எண்ணம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. எல்லா வசதியும் உள்ள வண்டிக்கே மின் இணைப்போடு ஒதுங்கிநிற்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. கழிப்பறைகூட இல்லாத வாடகை வேனுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும்!

கடற்கரையில் குடும்பத்தோடு தங்குவது பணக்காரப் பழக்கம் என்று சொல்பவர்கள் மாசி மகத்தன்று மாமல்லபுரம் போய்ப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் அங்கே வந்து கூடுகின்றன. கழிகளை நட்டு, சேலைகளைக் கட்டி மறைத்துக் குடில் போட்டு மணலிலேயே தங்குகிறார்கள். விடியற்காலையில் ஈரமணலைக் குவித்துப் படி கட்டி, பூ வைத்து, கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். கல்யாணம் நிச்சயம் செய்வதும், தாலி கட்டுவதும், பிள்ளைக்கு மொட்டை போடுவதும் அந்த மணலில்தான் நடக்கிறது. நம் வட்டாரத்தில் மிக எளிய வருமானமுள்ள மக்கள் கடலோரம் தங்குவதைத் தங்கள் வாழ்வின் முக்கியமான நிகழ்வாகவே வைத்திருக்கிறார்கள். கடலுக்குப் போவது காசுக்குக் கேடு என்று வாதாடுவோருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. கூலி இழப்பு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் வருடம் முழுக்கக் குழித்தறியில் காலை இறக்கி உட்காரும் உடம்புக்கும், அதே வீட்டில் சமைத்து, நூல் சுற்றி, கரையும் பார்க்கும் பெண்களுக்கும் இரண்டு நாள் ஓய்வு வேண்டும்.

வேன்கள் வந்தால் கடற்கரை குப்பையாகிவிடும் என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். எச்சில் இலையும் பிளாஸ்டிக் கப்பும் கிடப்பது உண்மை. ஆனால் செங்கல்பட்டு மாவட்டக் கோவளம் கடற்கரை 2021-இல் நீலக்கொடி சான்றிதழ் பெற்றது. கழிப்பறை, குடிநீர், குப்பைத்தொட்டி, உயிர்காப்பாளர் எல்லாம் இருந்தால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும். அங்கே மனிதர்களை விரட்டித் தூய்மை வரவில்லை, வசதி செய்து கொடுத்ததால் வந்தது. மாமல்லபுரத்திலும் மரநிழலில் வேன் நிறுத்த ஒரு திடல், அடுப்பு பற்றவைக்க ஒரு கொட்டகை, பெண்கள் குளித்து உடை மாற்ற மறைவான இடம், இரவெல்லாம் எரியும் விளக்கு, ஆளுக்குச் சிறு கட்டணம் என்று இருந்தால் போதும். கோடி கொட்டிக் கட்ட வேண்டிய கட்டடம் எதுவும் இதில் இல்லை. சுற்றுலாத் துறையும் உள்ளாட்சியும் சேர்ந்து இதைச் செய்ய வேண்டும்.

போகிற நேயர்களிடமும் ஒரு வேண்டுகோள். மலிவு என்று லோடு வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்; சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தவறு, கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. டிரைவரை இரவு நன்றாகத் தூங்கவிடுங்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கும் இடத்தில் கடலில் இறங்காதீர்கள். அடுத்த பாவு பிணைக்கும் நாள் வரும்போது, அம்மாவையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள்.