வாசலில் நிற்கும் சொல்

வழியில் நிற்பவரைக் கடந்து செல்ல வேண்டியிருந்தால், இஸ்பானிய மொழி பேசுவோர் "கொன் பெர்மீசோ" என்பர். 'தங்கள் அனுமதியுடன்' என்பது அதன் பொருள். பந்தியிலிருந்து இடையில் எழும்போதும், பிறர் அறைக்குள் நுழையும்போதும் இச்சொல்லே வழங்கும். மெக்சிக்கோ நாட்டில் இதற்கு "ப்ரோப்பியோ" என்று விடை கூறும் வழக்கம் உண்டு. 'அது தங்களுக்கே உரியது' என்னும் கருத்தை அது தரும். கேட்பவர் தம்மைத் தாழ்த்துகிறார். கொடுப்பவரோ, தாம் கொடுப்பதாகவே காட்டிக்கொள்வதில்லை!

சாத்திய கதவருகே நின்று "சே புவேதே?" என்று கேட்பர். நம்முடைய 'வரலாமா?' என்பதைப் போலவே அதிலும் 'நான்' என்னும் சொல் இல்லை. 'எனக்கு வேண்டும்' என அடித்துச் சொல்லாமல், 'வேண்டியிருந்தேன்' என்பதுபோல் விருப்பத்தைத் தணித்துச் சொல்லும் "கிசியேரா" என்னும் வினைவடிவமும் உண்டு. மரியாதையாக அழைக்கும் "உஸ்தெத்" என்னும் சொல், 'தங்கள் அருள்' எனப் பொருள்படும் "வுவெஸ்த்ரா மெர்செத்" என்பதன் சுருக்கமே. எதிரில் இருப்பவரின் அருளை நாடி நிற்பதே மரியாதை என்று அம்மொழி கருதியது போலும்.

ஆயினும், பணிவான சொல் இருக்குமிடத்தில் பணிவும் இருக்குமா? இதே மொழியின் வரலாறு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. 1513-ஆம் ஆண்டில் இஸ்பானிய அரசு 'ரெக்கேரிமியெந்தோ' என்னும் அறிக்கையை உருவாக்கியது. திருச்சபையின் தலைமையையும் அரசரின் ஆட்சியையும் ஏற்குமாறு அமெரிக்கப் பூர்வகுடிகளை அது வேண்டிக் கேட்டது. சிந்தித்து முடிவுசெய்யத் தக்க காலம் எடுத்துக்கொள்ளவும் சொன்னது. ஆனால் மறுத்தால் போரும் அடிமைத்தனமும்தான்! அதுவும் அம்மக்கள் அறியாத மொழியில் வாசிக்கப்பட்டது. இதைக் கண்டு நகைப்பதா, அழுவதா என்று தெரியவில்லை என எழுதினார் தொமினிக்கன் சபைத் துறவி பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ். நம்பிக்கையை வாளால் திணிக்கலாகாது, அன்பான அறிவுறுத்தலே வழி என்று அவர் வாழ்நாளெல்லாம் வாதாடினார்.

இங்கேதான் உரைகல் இருக்கிறது. 'முடியாது' என்னும் விடைக்கு இடமளிக்கும் கேள்வியே அனுமதி கேட்பதாகும். இடமளிக்காதது, எத்துணை இனிமையாக ஒலித்தாலும், கட்டளையே. வேலைக்காரப் பெண்ணிடம் "தயவு செய்து இன்னும் சற்று நேரம் இருக்க முடியுமா?" என்று கேட்கும் தலைவி, அவள் மறுத்தால் முகம் சுளிப்பாளாயின், அங்கே கேட்கப்பட்டது அனுமதி அன்று. மகளின் திருமணத்தை முடிவுசெய்துவிட்டு அவள் சம்மதம் கேட்கும் தந்தையும் அவ்வாறே.

இஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட திருத்தந்தை பிரான்சிஸ், 2015 மே 13 அன்று பொது மறைக்கல்வி உரையில், குடும்ப வாழ்வுக்கு இன்றியமையாத சொற்கள் மூன்று என்றார்: அனுமதி கேட்பது, நன்றி கூறுவது, மன்னிப்பு வேண்டுவது. அனுமதி கேட்பதை அவர் முதலில் வைத்தது பொருள் நிறைந்ததன்றோ? மிக நெருங்கியவரிடமும் நாம் நுழைய உரிமையற்ற ஓர் உள்ளறை உண்டு. கணவன் மனைவியின் கடிதத்தைப் பிரிப்பதும், பெற்றோர் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டுவதும் அன்பின் பெயராலேயே நிகழ்கின்றன.

திருவெளிப்பாட்டு நூல் காட்டும் ஆண்டவரோ, கதவை உடைப்பவர் அல்லர். வாசலில் நின்று தட்டுகிறவர். எல்லா அதிகாரமும் உடையவரே திறக்கும்வரை காத்திருக்கிறார். அப்படியிருக்க, பிறர் வாசலில் சற்று நேரம் நிற்பதற்கு நமக்கு ஏன் இத்துணை தயக்கம்?