படியேறும் பாதங்கள்

அப்பர் சுவாமிகள் முதுமையிலே திருக்கயிலையை நோக்கி நடந்தார். பாதம் தேய்ந்தபோது கைகளால் தவழ்ந்தார், கையும் தேய மார்பினால் நகர்ந்தார், பின்னர் உருண்டார். இறைவனோ முனிவராய் வந்து தடுத்து, பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே கயிலைக் காட்சியைக் கொடுத்தருளினார்.

நம் ஆலயத்துப் பெரியவர்களைப் பாருங்கள். வயது ஏற ஏறத் தொடைத் தசை மெலிகிறது, எட்டு வைப்பது குறுகுகிறது. ஏறுவதிலும் இறங்குவதே ஆபத்து. உடற்பாரம் முழுவதையும் மடிந்த ஒரு முழங்கால் தாங்கவேண்டும். கண் மங்கினால் படியின் விளிம்பும் தெரியாது. திருவிழா நெரிசலிலே, “கெதியா இறங்குங்கோ அம்மா” என்கிறோம் நாம்! கோபுரத்துக்கு வர்ணம் பூச நிதி சேர்க்கும் நாம், படியோரம் ஒரு கைபிடிக் குழாய் பொருத்த, விளிம்பிலே வெள்ளைக் கோடு இட எண்ணியதுண்டா? வெளிவீதியில் நின்றே கும்பிட்டுத் திரும்பும் ஆச்சிமார் எத்தனை பேர்!